பரிசலில் ஏறுவதற்கு முன்

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாகிவிட்டது. "இந்தத் தடவை எங்கே போகலாம்?" என்ற கேள்வி வீட்டில் எழுந்தாகிவிட்டது. பையன் ஒகேனக்கல் என்கிறான். பெண்ணும் ஒகேனக்கல் என்கிறாள். அவர்களுடைய அப்பாவும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "சரி, ஒகேனக்கல்லுக்கே போவோம்!" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். புளியோதரை கிளறுவதும், மாற்றுத் துணி எடுத்து வைப்பதும், குழந்தைகளைக் கட்டி மேய்ப்பதும் யார் பொறுப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, சகோதரிகளே, இந்த வாரம் உங்களோடுதான் பேச்சு.

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் சுமார் 46 கிலோ மீட்டர் போனால் ஒகேனக்கல். 'ஹொகெ' என்றால் கன்னடத்தில் புகை. காவிரி பாறைகளில் விழுந்து சிதறும்போது எழும் நீர்த்திவலை புகை மாதிரி தெரிவதால் இந்தப் பெயர். அருவியில் குளிக்கலாம், எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாம், மீன் குழம்பு சாப்பிடலாம். ஆனாலும் பரிசலில் ஏறாமல் திரும்பினால் குழந்தைகள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள்!

பரிசல் என்பது பெரிய கூடைதான். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, அந்தக் காலத்தில் மேலே தோலைப் போர்த்துவார்கள். தோலின் இடத்துக்கு இப்போது வேறு பொருள்கள் வந்துவிட்டன. அதற்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. அடிப்பாகம் தட்டை. அதனால்தான் ஆழமில்லாத இடத்திலும் பாறை இடுக்கிலும் சுளுவாகப் போகிறது. அதே காரணத்தால்தான் ஒரு பக்கம் பாரம் கூடினால் சட்டென்று சாய்ந்தும் விடுகிறது. இந்த ஒரு விஷயம் மனத்தில் பதிந்துவிட்டால், நான் சொல்லப் போகும் மற்றவையெல்லாம் தாமாகவே விளங்கும்.

புறப்படும் நாள் காலையில் செய்ய வேண்டிய முதல் வேலை, பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எவ்வளவு என்று பார்ப்பது. தமிழக எல்லைக்குள் வரும் காவிரி நீரை அளப்பது அங்கேதான். விநாடிக்கு இத்தனை கன அடி என்று செய்தியில் தினமும் சொல்வார்கள். "இங்கே வெயில் கொளுத்துகிறதே, வெள்ளம் எங்கிருந்து வரும்?" என்று கேட்காதீர்கள். குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டினால், கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பி, திறந்துவிட்ட தண்ணீர் இங்கே வந்து சேரும். தர்மபுரியில் ஒரு தூறல்கூட விழுந்திருக்க வேண்டியதில்லை. 2024 ஜூலையில் அப்படித்தான் ஒகேனக்கல்லில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் பாய்ந்தது. பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டார்கள். அந்த மாதம் 30-ஆம் தேதி மேட்டூர் அணையே 120 அடி நிரம்பிவிட்டது. ஆடிப் பெருக்கன்று சித்திரான்னத்தோடு ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் இதை முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும். கூட்டமும் வெள்ளமும் ஒன்றாக வருகிற சமயம் அது.

அடுத்தது உடை. புடவை கட்டிக்கொண்டு பரிசலில் ஏறக் கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொண்டால் நீந்தத் தெரிந்தவருக்கும் கஷ்டம். சல்வார் கமீஸ் சௌகரியம். புடவைதான் என்றால் தலைப்பை இழுத்து இடுப்பில் நன்றாகச் செருகிக்கொண்டு, அதற்கு மேல் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல நகைகள் வீட்டிலேயே இருக்கட்டும்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் மட்டும் தாட்சண்யமே கூடாது. "கசகசவென்று இருக்கிறது", "போட்டோவில் நன்றாக இருக்காது" என்றெல்லாம் வீட்டார் சொல்வார்கள். காது கொடுக்காதீர்கள். போட்டுக்கொண்டால் மட்டும் போதாது. எல்லாக் கொக்கிகளும் மாட்டியிருக்க வேண்டும். குழந்தைக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஜாக்கெட்டின் தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்குங்கள். அது முகவாயைத் தாண்டி மேலே வந்தால், அளவு பெரிது. தண்ணீரில் விழுந்தால் குழந்தை கீழே நழுவும், ஜாக்கெட் மட்டும் மிதக்கும். வேறு கேளுங்கள். அளவான ஜாக்கெட் கிடைக்காத கைக்குழந்தையோடு பரிசலில் ஏறவே வேண்டாம். ஒருவர் கரையில் குழந்தையை வைத்துக்கொள்ள, மற்றவர்கள் போய் வந்தபின் மாற்றிக்கொள்ளலாம். குழந்தையைப் புடவையால் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வது பெரிய ஆபத்து.

ஏறும்போது விளிம்பில் கால் வைக்காமல், பரிசலின் நடுவில் வைத்து ஒவ்வொருவராக ஏறுங்கள். எதிரும் புதிருமாக, பாரம் சமமாக இருக்கும்படி உட்காருங்கள். யார் எங்கே உட்காருவது என்பதைப் பரிசல்காரர் சொல்வார். அங்கே அவர் பேச்சுக்கு மறுபேச்சு இருக்கக் கூடாது. இத்தனை பேர்தான் என்று ஒரு கணக்கு உண்டு. "சின்னப் பையன்தானே, மடியில் உட்காரட்டும்" என்று கூட ஒருவரை ஏற்றச் சொல்லாதீர்கள். பரிசலை வேடிக்கைக்காகச் சுற்றிவிடுவதும் உண்டு. தலை சுற்றுமென்றால், "வேண்டாம், அண்ணே" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். குமட்டினால் தண்ணீரைப் பார்க்காமல் தூரத்துப் பாறை ஒன்றையே பார்த்துக்கொண்டிருங்கள்.

பயணத்தின் நடுவில் எழுந்து நிற்பதும், போட்டோவுக்காக எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதும்தான் மிகப் பெரிய தவறுகள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்ற படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். விலங்குகளைப் பார்க்கும் ஆவலில் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்ததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இரண்டு அடுக்குப் படகுக்கே அந்தக் கதி என்றால், கூடைக்குக் கேட்க வேண்டுமா?

படகு பெரிதாகிவிட்டால் பயமில்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. அயல்நாட்டில் இருக்கும் மகனோ மகளோ, "அம்மா, ஐரோப்பாவில் உல்லாசக் கப்பலில் போகலாம், வாருங்கள்" என்று உங்களையும் ஒருநாள் அழைக்கலாம். நீச்சல் குளமும் நாடகக் கொட்டகையும் உள்ள மிதக்கும் ஊர் அது. 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜில்யோ தீவருகே 'கோஸ்டா கான்கார்டியா' என்ற அப்படிப்பட்ட கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 4,200 பேருக்கு மேல் இருந்த அதில் 32 பேர் இறந்தார்கள். ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும், ஜாக்கெட்டை எப்படி அணிய வேண்டும் என்ற ஒத்திகை, அன்று மாலை ஏறிய பல நூறு பயணிகளுக்கு அதுவரை நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அன்றைய விதி. 2015 முதல், கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடனேயே அந்த ஒத்திகை நடக்க வேண்டும் என்று உலக விதியை மாற்றிவிட்டார்கள். ஆகவே கப்பலில் ஏறியதும் பலகார மேஜையைத் தேடுமுன் ஒத்திகைக்குப் போங்கள். ஒகேனக்கல்லில் பரிசல் நகருமுன் கொக்கியை மாட்டுங்கள்.

கெட்ட வேளையாக யாராவது தண்ணீரில் விழுந்துவிட்டால்? விழுந்தவர் மல்லாந்து, கால் இரண்டும் நீரோட்டம் போகும் திசையில் இருக்கும்படி மிதக்க வேண்டும். அப்போதுதான் பாறை வந்தால் தலைக்குப் பதில் கால் தாங்கும். ஓட்டமுள்ள இடத்தில் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் கால் சிக்கிக்கொள்ளும். கரையில் இருப்பவர்கள் பின்னாலேயே குதிக்கக் கூடாது. கயிறோ, மூடிய காலிக் கேனோ வீசிக் கொடுத்து, ஆட்களைக் கூப்பிடுங்கள். இதைக் குழந்தைகளுக்கு வீட்டிலேயே கதை போலச் சொல்லி வையுங்கள்.

வேலைகளை வரிசையாக வைத்துக்கொள்வதும் நல்லது. முதலில் மீன் வாங்கி, அங்கே சமைத்துக் கொடுக்கும் பெண்களிடம் ஒப்படைத்துவிடுங்கள். பிறகு பரிசல். அதற்குப் பிறகு எண்ணெய், அருவிக் குளியல். எண்ணெய்க் காலோடு ஈரப்பாறையில் நடந்து பரிசலில் ஏறப் போனால், வழுக்கி விழுவதற்கு வேறு காரணமே வேண்டாம். குளித்து வரும் பசிக்குக் குழம்பு தயாராக இருக்கும். மீதமான பிளாஸ்டிக் பைகளை ஆற்றில் போடாதீர்கள். 2013-இல் தொடங்கிய கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மூலம், ஃப்ளோரைடு கலந்த கிணற்று நீரால் பல்லும் எலும்பும் கெட்டு அவதிப்பட்ட தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்குக் குடிக்கப் போகிற தண்ணீர் அது.

கடைசியாக, எல்லாவற்றிலும் கஷ்டமான விஷயம். நீங்கள் போய்ச் சேரும்போது, "இன்று பரிசல் இல்லை" என்று போலீஸார் சொல்லிவிடலாம். குழந்தைகள் முகம் வாடும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு...!" என்று அவர் முணுமுணுப்பார். அந்தச் சமயம் பார்த்து யாராவது அருகில் வந்து, "வேறு இடத்திலிருந்து நான் அழைத்துப் போகிறேன், கூடக் கொஞ்சம் கொடுங்கள்" என்று காதோடு சொல்லலாம். பையிலிருந்து பணம் வெளியே வருமுன் ஒருவர் "வேண்டாம்" என்று சொல்லியாக வேண்டும். அது நீங்களாக இருங்கள். பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

அன்றைய பொழுதை வீணாக்க வேண்டியதில்லை. முதலைப் பண்ணையைப் பார்க்கலாம். கொஞ்சம் சுற்றிப் போனால், தியாகி சுப்பிரமணிய சிவா 1925-இல் கண்மூடிய பாப்பாரப்பட்டியில் அவர் நினைவிடம் இருக்கிறது. திரும்பும் வழியில் அதியமான்கோட்டைக்குப் போய், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லலாம். பரிசலுக்கு அடுத்த லீவில் வந்தால் போயிற்று. புளியோதரையை மட்டும் இன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள்!