காசோலைப் புத்தகம்: பொறுப்பு வங்கியுடையதே

காசோலைப் புத்தகத்தைக் கூரியரில் அனுப்பிவிட்டு, வழியில் நேரும் இழப்புக்கு வாடிக்கையாளரே பொறுப்பு என எழுதி வாங்குவது நியாயமற்றது என்று ரிசர்வ் வங்கியே கூறியுள்ளது. அவ்வாறு எழுதி வாங்கக் கூடாது. கேட்போருக்கோ அவரது அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிக்கோ கிளையிலேயே புத்தகத்தை வழங்க வேண்டும் என்றது அதன் 2015 ஜூலை 1 முதன்மைச் சுற்றறிக்கை.

மூணாறு, பீர்மேடு தோட்ட லயங்களிலும் சித்தூர், கொழிஞ்சாம்பாறை கிராமங்களிலும் வாழும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு இது சிறு விஷயமல்ல. வரிசையாகப் பல குடும்பங்கள் வாழும் லயத்தில், தபால் உரியவர் கையில்தான் சேரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பகலெல்லாம் கொழுந்து பறிப்பவர் கூரியருக்காக வீட்டில் காத்திருக்க முடியுமா?

போலிக் கையெழுத்திட்ட காசோலை வங்கிக்கு இடப்பட்ட ஆணையே அல்ல. அதற்குப் பணம் கொடுத்த வங்கியே இழப்பை ஏற்க வேண்டும் என்று கனரா வங்கி வழக்கில் உச்சநீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்தது. சட்டம் இவ்வாறிருக்க, இழப்பைத் தொழிலாளியின் தலையில் கட்ட முயல்வது, லாபம் வங்கிக்கு, ஆபத்து உழைப்பாளிக்கு என்ற மூலதனத்தின் பழைய கணக்கேயன்றி வேறில்லை.

கிளையில் நேரில் வழங்கக் கோரும் மனுக்களைத் தொழிற்சங்கங்கள் எழுத்தில் அளித்து ஒப்புகை பெற வேண்டும். 30 நாளில் தீர்வு கிட்டாவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிட வேண்டும். அமைப்பாகத் திரண்டு கேட்டாலன்றி விதி காகிதமாகவே கிடக்கும்.