போனை மாத்த முதல் வெளிவாசலைப் பாருங்கோ

"ஐபோனா, அன்ட்ரொயிட்டா, எது நல்லம்?" என்று எங்களிட்ட கேட்காதீர்கள். அந்தச் சண்டை ரியூசன் வாசலிலயும் கம்பஸ் கன்ரீனிலயும் கலியாண வீட்டுப் பந்தலிலயும் தேவைக்கு மேலேயே நடக்குது. கமரா எத்தனை மெகாபிக்சல், எது கெதியாச் சார்ஜ் ஏறும், எதைக் கையில வச்சிருந்தா மரியாதை என்பதெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம். ஒருத்தரும் கேட்காத கேள்வி வேறை. பழைய போனில இருக்கிற எங்கட வாழ்க்கையில எவ்வளவு புதுப் போனுக்கு வரும்? நாளைக்குப் புதுசையும் விட்டிட்டுப் போக வேண்டி வந்தா, எவ்வளவு எங்களோட வரும்?

இதை நாங்கள் புத்தகத்தில படிச்சுச் சொல்லேல்ல. எங்களில ஒருத்தி போன வருசம் அன்ட்ரொயிட்டில இருந்து ஐபோனுக்கு மாறினாள். கடையில நின்ற பெடியன் "ஒண்டுக்கும் யோசிக்காதீங்கோ அக்கா, எல்லாம் வரும்" என்றான். புதுப் போனை அவனே செட்டப் பண்ணிக் குடுத்தான். பழையதை அழிச்சு எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துக்கொண்டான். தொடர்பு இலக்கங்கள் வந்தன, படங்கள் வந்தன. அப்பம்மா சாக முதல் அனுப்பின குரல் பதிவுகள் மட்டும் வரேல்ல. "சாப்பிட்டியா பிள்ளை" என்று தொடங்குகிற நாற்பது, ஐம்பது பதிவுகள். பெடியனைத் திட்டிப் பிரயோசனமில்லை. அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சுகொள்ள வேணும் என்றே நாங்கள் நினைக்கேல்ல. அதுதான் பிழை.

விசயம் இதுதான். அன்ட்ரொயிட்டில வட்ஸ்அப் தன் பிரதியைக் கூகுள் கணக்கில வைக்கும். ஐபோனில ஐகிளவுட்டில வைக்கும். ஒன்றை மற்றது வாசிக்காது. 2021 வரைக்கும் இந்த ரெண்டுக்கும் நடுவில முறையான பாதையே இருக்கேல்ல. 2022இல்தான் அன்ட்ரொயிட்டில இருந்து ஐபோனுக்கு உரையாடல்களைக் கொண்டுபோக வழி வந்தது. அதுவும் அப்பிளின் மாற்றுச் செயலி ஊடாக, ஐபோனை முதன்முதலில திறந்து செட்டப் பண்ணுகிற நேரத்தில. "முதல்ல போனைப் போட்டுப் பாப்பம், வட்ஸ்அப்பைப் பிறகு பாப்பம்" என்று நினைச்சா, போனைத் திரும்ப முழுசா அழிச்சிட்டுத்தான் தொடங்க வேணும். அதுக்குள்ள பழைய போன் வேறை ஒருத்தரின்ர கைக்குப் போயிருந்தா, கதை முடிஞ்சுது.

எங்கட அம்மாமார் 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தில இருந்து வெளிக்கிட்டபோது, எதைத் தூக்க வேணும் என்று அவைக்குத் தெரிஞ்சிருந்தது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், ஓ.எல் பெறுபேறு, கலியாண அல்பம். எல்லாம் ஒரே பையில. அதுக்கு முதலும் அதுக்குப் பிறகும் எத்தனையோ குடும்பங்கள் அப்படி ஒரு பையைக் கதவுக்குப் பக்கத்திலயே வச்சிருந்தன. இன்றைக்கு அந்தப் பை போனுக்குள்ள இருக்கு. ஆனா குளிரூட்டின கடைக்குள்ள, ஒரு பின்னேரம் முழுக்க நேரம் இருந்தும், எதைத் தூக்க வேணும் என்று எங்களுக்குத் தெரியேல்ல. வெட்கமா இல்லையா?

"இவ்வளவு பெரிய கொம்பனிகள், எங்க போகப் போகுது?" என்று சிலர் கேட்பினம். போனவையின் பட்டியல் சின்னதில்லை. 1996இல் வந்த பாம் பைலட்தான் கைக்குள்ள அடங்குகிற கணினியைப் பலருக்குப் பழக்கினது. 2010இல் எச்.பி. அந்தக் கொம்பனியை வாங்கினது. அடுத்த வருசம் ஓகஸ்டிலயே அந்தக் கருவிகளைக் கைவிட்டது. நொக்கியா லூமியா வச்சிருந்த அண்ணாமார் எங்கட ஊரிலயும் இருக்கினம். விண்டோஸ் போனுக்கான கடைசிப் பாதுகாப்பு அப்டேற் 2020 ஜனவரியோட நின்றது. பிளாக்பெரியின் பழைய போன்களுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4இல் நிறுத்தப்பட்டன. குவாவே விழக்கூட இல்லை. 2019இல் அமெரிக்கா தடை போட்டதும் அதன் புதுப் போன்களில கூகுளின் சேவைகள் இல்லாமல் போயின. எங்கயோ ஒரு நாட்டின் அரசாங்கம் எடுத்த முடிவு, கையில இருக்கிற போன் எதைத் திறக்கும் எதைத் திறக்காது என்று தீர்மானிச்சது.

இந்தப் பட்டியலில பாம்மிட்ட இருந்து படிக்க ஒரு பாடம் இருக்கு. அதைக் கணினியோட இணைச்சு ஒரு பொத்தானை அமத்தினா நாட்குறிப்பு, முகவரிகள், குறிப்புகள் எல்லாம் கணினிக்கும் ஒரு பிரதியாப் போகும். கருவி செத்தாலும் பிரதி வீட்டில இருந்தது. அதுக்குப் பிறகு வந்த போன்கள் பிரதியை எங்கயோ தூரத்தில, கொம்பனியின்ர களஞ்சியத்தில வைக்கப் பழக்கின. வசதிதான். ஆனா திறப்பு எங்கட கையில இல்லை.

தமிழராகிய எங்களுக்கு இது புதுப் பாடமும் இல்லை. பாமினியில அடிச்ச சங்க அறிக்கையை, ஊர் மலர்க் கட்டுரையைப் போனில திறந்து பாருங்கோ. எழுத்துரு இல்லாத இடத்தில தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகள் குழம்பிக் கிடக்கும். எழுதினது நாங்கள், ஆனா எழுத்து அந்த எழுத்துருவுக்குச் சொந்தமாக இருந்தது. யூனிகோட் வந்த பிறகுதான் எந்தக் கருவிக்குப் போனாலும் தமிழ் தமிழாகவே வந்தது. ஐபோனில தமிழ் விசைப்பலகை 2013இல் வந்தபோது நாங்கள் சந்தோசப்பட்டது அதாலதான். எழுத்துக்கு நாங்கள் போராடிப் பெற்ற அந்தச் சுதந்திரத்தைக் குரலுக்கும் படத்துக்கும் ஏன் கேட்காமல் விடுறம்?

இப்ப ஐபோன்காரர் கோபப்படுவினம். "ஐபோன் கனகாலம் உழைக்கும், வித்தாலும் விலை போகும்." உண்மை. 2018இல் வந்த எக்ஸ்.எஸ். மொடலுக்கு 2024இன் இயங்குதளமும் கிடைச்சது. மறுக்கேல்ல. ஆனா 2023இல் பிக்சல் 8உம் 2024இல் சம்சுங் எஸ் 24உம் ஏழு வருச அப்டேற் தருவதாகச் சொல்லிக்கொண்டு வந்தன. அதால பழைய வாதத்தில பாதி போயிட்டுது. மற்றப் பாதி மலிவான அன்ட்ரொயிட்டுகளில நிக்குது. ரெண்டு, மூன்று வருசத்தில அப்டேற் நிண்டுபோகிற போனை "சீப்பா வந்திது" என்று வேண்டுறதும் நட்டம்தான்.

வாசல் என்று பார்த்தா ரெண்டும் ஒன்றில்லை. கூகுளின் மின்னஞ்சல், படங்கள், வரைபடம் எல்லாம் ஐபோனிலயும் வேலை செய்யும். ஐமெசேஜும் அப்பிள் கடிகாரமும் அன்ட்ரொயிட்டில வேலை செய்யாது. உள்ளுக்குப் போகிற வாசல் அகலம், வெளிய வாற வாசல் ஒடுக்கம். கூகுளும் தருமத்துக்குக் கடை வைக்கேல்ல. அங்க விலை எங்களைப் பற்றின தகவல்தான். ஆனா தன்னிடம் இருக்கிற எங்கட பொருள்களைக் கட்டித் தரக் கூகுளிட்ட ஒரு வழி 2011இல் இருந்தே இருக்கு. எங்களில எத்தனை பேர் ஒருக்காலாவது அதைப் பாவிச்சிருக்கிறம்?

எங்கட நாட்டில பிழையாத் தெரிவு செய்யிறதுக்கு விலையும் கூட. 2022 தொடக்கத்தில டொலர் ஏறக்குறைய 200 ரூபா, மே மாதத்தில 360 ரூபா. 2024 ஜனவரியில வற் 18 வீதமாச்சு. சம்பளம் அந்த வேகத்தில ஏறேல்ல. ஒருக்கா மாறினா "பிடிக்கேல்ல, திரும்புவம்" என்று சொல்ல எங்களுக்கு ஏலாது. அதால வேண்ட முதல் செய்ய வேண்டியதை நாங்கள் இப்ப இப்படி வச்சிருக்கிறம்.

போனை விலை பேச முதல், அதில இருந்து வெளிய வாற வழியைத் தேடிப் படியுங்கோ. குரல் பதிவு, படம், குறிப்பு எல்லாத்தையும் ஒரு வன்தட்டிலோ மடிக்கணினியிலோ பிரதி எடுங்கோ. திறந்து கேட்டுப் பாருங்கோ. திறக்காத பிரதி, பிரதி இல்லை. காசு குடுத்து வேண்டின செயலிகள் மற்றத் தளத்துக்கு வராது, அந்தக் காசையும் கணக்கில சேருங்கோ. பழைய போனை ஒரு மாதமாவது வீட்டில வச்சிருங்கோ. எக்ஸ்சேஞ்சில கிடைக்கிற சில ஆயிரத்துக்கு அவசரப்படாதீங்கோ.

கனடாவில இருந்து மாமா கொண்டுவந்ததோ, கடையில யூஸ்ட் என்று வச்சதோ, முதல் சொந்தக்காரரின் கணக்கில இருந்து விடுபட்டிருக்கா என்று அவர் பக்கத்தில இருக்கேக்கயே பாருங்கோ. இல்லையெண்டா அது கண்ணாடிக் கட்டி. அமெரிக்காவில வித்த ஐபோன் 14க்கு சிம் போடுகிற தட்டே இல்லை, இ-சிம் மட்டும்தான். ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தை 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பி, தொலைத்தொடர்பு ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவில பதிவு இருக்கா என்று பாருங்கோ. காசு குடுத்த பிறகில்லை, முதல்.

இவ்வளவும் செய்து நீங்கள் ஐபோன் வேண்டினாலும் எங்களுக்குச் சந்தோசம், அன்ட்ரொயிட் வேண்டினாலும் சந்தோசம். எங்கட சிநேகிதி இப்ப சித்தப்பாவின்ர பழைய போனைத் தேடித் திரியிறாள். அப்பம்மா அவருக்கும் குரல் அனுப்பிறவ. அந்தப் போன் இன்னும் எங்கயோ ஒரு லாச்சிக்குள்ள இருந்தா, ரெண்டு மூன்று பதிவாவது தப்பியிருக்கும். உங்கட அப்பம்மா இப்பவும் குரல் அனுப்பிறவ எண்டா, இன்றைக்கு இரவே ஒரு பிரதி எடுங்கோ. போன் பிறகு வேண்டலாம்.