வெள்ளோட்டம் வேண்டும்

புதியதொன்றைப் பலரறிய முன்வைக்குங்கால் விழாவெடுத்தல் எந்நாட்டு மக்களுக்கும் இயல்பு. எம்மூர்க் கோயில்களிலே புதிதாகத் தேர் செய்தால், சுவாமி எழுந்தருளுமுன் அதனை வெறுந்தேராக வீதியிலே ஒருமுறை இழுத்து வெள்ளோட்டம் விடுவர். அச்சுத் தாங்குமா, சில்லு உருளுமா, முட்டுக்கட்டைக்கு அடங்குமா, மூலையிலே திரும்புமா என்பன யாவும் ஊரவர் கண்முன்னே அன்று தெரிந்துவிடும். தேரைச் செய்த ஆசாரியார் அருகே நிற்பார். வடம் பிடித்தவர் யாவரும் அதற்குச் சான்றாவர். விழாவும் சோதனையும் ஒன்றாயிருத்தலே வெள்ளோட்டத்தின் சிறப்பு.

இக்காலத்திலே மிகுந்த பொருட்செலவோடும் ஆரவாரத்தோடும் நடைபெறும் விழாக்களுள் ஒன்று, அதிவேகச் சொகுசு மோட்டார்க் கார்களின் வெளியீட்டு விழா. மேலைநாடுகளிலும் வளைகுடா நாடுகளிலும் வாழும் எம் பழைய மாணவர் சிலருக்கு இத்தகைய விழாக்களின் அழைப்பிதழ் கிடைப்பதுண்டு. இங்குள்ள மாணவர்களோ கைத்தொலைபேசியிலே அவற்றைக் கண்டு களிக்கின்றனர். விளக்குகள் மங்குகின்றன, இசை முழங்குகின்றது, பட்டுத்திரை விலகுகின்றது, சுழல்மேடையிலே வண்டி சுற்றுகின்றது, பின்னேயுள்ள பெருந்திரையிலே குதிரைவலுவும் வேகமும் எண்களாய் ஒளிர்கின்றன. அவை கரவொலியால் அதிர்கின்றது. மேடை சுழல்கின்றதேயன்றி, வண்டி ஓரடியேனும் ஓடுவதில்லை.

ஓடிக் காட்டாத வண்டிக்கு எடுக்கும் விழா அரைவிழாவே என்பதும், அவ்விழாவுக்குச் செல்வோர் கைதட்டுமுன் கேட்கவேண்டிய வினாக்கள் சில உள என்பதும் எமது கருத்து. இதனை நிறுவுதற்குப் பல நிறுவனங்களைத் தேடி அலையவேண்டுவதில்லை. ஆங்கில நாட்டு ஜகுவார் நிறுவனத்தின் வரலாறு ஒன்றே போதும். வெளியீட்டு விழாவின் மேன்மையும் தாழ்வும் அவ்வொரு நிறுவனத்தின் கதையிலேயே காணக்கிடக்கின்றன.

இரண்டாம் உலகப்போர் முடிந்து மூன்றாண்டு கழிந்த 1948 ஆம் ஆண்டிலே, இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் ஜகுவார் எக்ஸ்கே 120 என்னும் இரட்டை இருக்கை வண்டி வைக்கப்பட்டது. போர்க்காலத்திலே கொவென்றி நகரத் தொழிற்சாலையில் இராக்காவல் புரிந்த எந்திரவியலாளர்கள், அக்காவற் பொழுதிலே கூடிப்பேசி உருவாக்கிய 3.4 லீற்றர் எந்திரத்தை உலகுக்குக் காட்டுதற்கென விரைந்து செய்யப்பட்ட வண்டி அது. பெயரிலுள்ள 120 என்பது மணிக்கு 120 மைல் வேகம் என்ற வாக்குறுதியாகும். வரி நீங்கலாக அதன் விலை 998 பவுண். இத்துணைக் குறைந்த விலையில் அத்துணை வேகமா எனப் பலர் ஐயுற்றனர். சில நூறு வண்டிகளே செய்வதென்று எண்ணிய நிறுவனம், வந்து குவிந்த வேண்டுகோள்களைக் கண்டு திகைத்தது.

ஐயுற்றவரை விளம்பரத்தால் வெல்ல நிறுவனம் முனையவில்லை. 1949 மே மாத இறுதியிலே பத்திரிகையாளர்களை விமானமேற்றிப் பெல்ஜியத்துக்கு அழைத்துச் சென்றது. ஜபெக் என்னும் ஊரருகே நேராக நீண்டு கிடந்த பெருவீதியிலே, சட்டன் என்னும் சோதனை ஓட்டுநர் வண்டியைச் செலுத்தினார். பெல்ஜிய மோட்டார்க் கழகத்தார் நேரத்தை அளந்தனர். மேற்கூரையும் முன்கண்ணாடியும் பூட்டிய நிலையில் 126 மைலும், கண்ணாடியை அகற்றிய நிலையில் 132 மைலுக்குச் சற்று மேலும் பதிவாயின. அதன் பின்னர், அதே வண்டியை உச்சக் கியரிலேயே வைத்துக்கொண்டு, பார்த்து நின்றோர் முன்னே ஆள் நடக்கும் வேகத்துக்கு அணித்தாக மெல்லவும் ஓட்டிக் காட்டினார். விரைவையும் அடக்கத்தையும் ஒருங்கே காட்டிய அந்நிகழ்ச்சி உண்மையான வெள்ளோட்டம். சொன்னவர் ஒருவர், அளந்தவர் வேறொருவர், பார்த்தவர் பலர் என்னும் மூன்றும் அங்கே பொருந்தியிருந்தன.

பன்னிரண்டாண்டு கழித்து, 1961 மார்ச் 15 ஆம் நாள், சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரிலே ஏரிக்கரைப் பூங்காவொன்றில் ஈ-ரைப் என்னும் வண்டி வெளியிடப்பட்டது. மோட்டார் உலகம் இன்றுவரை மறவாத விழா அது. பத்திரிகையாளருக்குக் காட்டவேண்டிய வண்டியைப் பொப் பெரி என்பவர் கொவென்றியிலிருந்து இரவிரவாக ஓட்டிவந்து, குறித்த வேளைக்கு ஏறத்தாழ இருபது நிமிடம் இருக்கும்போது சேர்த்தார். வந்தோர் அனைவரும் அதில் ஏறிப் பார்க்க அவாவினர். ஒரு வண்டி போதாமையின், நிறுவனத் தலைவர் சேர் வில்லியம் லயன்ஸ் மற்றொன்றை அனுப்புமாறு பணித்தார். சோதனை எந்திரவியலாளர் நோர்மன் டூயிஸ் அதனையும் ஓரிரவிலே கடல் கடந்து ஓட்டிவந்து சேர்த்தார். விழாவுக்கு வந்த வழியே விழாப்பொருளுக்குச் சோதனையாயிற்று. லொறியில் ஏற்றிவந்து பொத்திப் பொத்தி இறக்கும் இக்காலக் காட்சி வண்டிகளோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்போர்க்கு வேறுபாடு இனிது விளங்கும்.

ஆயினும் அவ்விழாவிலும் ஒரு மறு உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. மணிக்கு 150 மைல் என்பது நிறுவனத்தார் கூற்று. ஓட்டோகார் சஞ்சிகையார் சோதித்தபோது 150.4 மைல் வந்தது. மோட்டர் சஞ்சிகையார்க்கு 149.1 வந்தது. ஆனால், சஞ்சிகையார்க்குக் கொடுத்த வண்டிகள் தனிக்கவனத்தோடு ஆயத்தஞ் செய்யப்பட்டவை என்பது பின்னாளில் வெளியாயிற்று. காசு கொடுத்து வாங்கியவரின் வண்டிகள் அவ்வெல்லையைத் தொடுவது அரிதாகவே இருந்தது. சோதனை நடந்தது உண்மை. சோதித்த வண்டியும் விற்ற வண்டியும் ஒன்றல்ல. வெள்ளோட்டம் ஒரு தேருக்கு, திருவிழா வேறொரு தேருக்கு என்றால் ஊரவர் ஒப்புவரோ?

1988 ஆம் ஆண்டிலே பேர்மிங்ஹாம் கண்காட்சியில் நடந்தது இதனினும் பெரிது. ஜிம் ரான்டில் என்னும் தலைமை எந்திரவியலாளரும் அவர் தோழரும் ஓய்வு நேரத்திலே ஊதியங் கருதாது உருவாக்கிய எக்ஸ்ஜே 220 என்னும் மாதிரி வண்டி அங்கே வைக்கப்பட்டது. பன்னிரு சிலிண்டர் எந்திரம், நாற்சில்லும் இயங்கும் அமைப்பு, மேனோக்கித் திறக்கும் கதவுகள், பெயரிலேயே 220 மைல் வேகம். கண்டோர் மயங்கினர். அடுத்த ஆண்டு, விற்பனைக்குச் செய்யப்போவதாக நிறுவனம் அறிவித்ததும் 50,000 பவுண் முற்பணங் கட்டுதற்குச் செல்வர் பலர் முந்தினர். 1992 இல் வண்டி கைக்கு வந்தபோது எந்திரத்துக்குச் சிலிண்டர் ஆறே. இயங்கும் சில்லு பின்னிரண்டே. கதவும் வழக்கமான கதவே. 290,000 பவுண் என்று தொடங்கிய விலையோ 470,000 அளவுக்கு ஏறியிருந்தது. இதற்கிடையே உலகப் பொருளாதாரமும் தளர்ந்திருந்தது. வாங்க ஒப்பியவர் பலர் பின்வாங்கினர்; வழக்குகளும் எழுந்தன. இத்தாலியின் நார்டோச் சோதனைக் களத்தில், வெளியேற்றப் புகையைத் தூய்தாக்கும் உறுப்புகளைக் கழற்றியபின் 217 மைல் எட்டப்பட்டது. அஃது அக்காலத்துக்குப் பெருஞ்சாதனையே. ஆயினும் பெயரில் எழுதிய எண்ணை வண்டி எட்டவில்லை.

இறுதியாக அண்மை நிகழ்ச்சி ஒன்று. 2024 நவம்பரிலே அதே நிறுவனம் தனது புதுத் தோற்றத்தை அறிவித்து வெளியிட்ட விளம்பரப் படத்தில் பல வண்ண உடையணிந்த மாந்தர் இருந்தனர். கார் ஒன்றேனும் இருக்கவில்லை. அடுத்த மாதம் அமெரிக்காவின் மியாமி நகரிலே, கலைவிழா வாரத்தில், மின்சார வண்டியொன்றின் மாதிரி திரைநீக்கஞ் செய்யப்பட்டது. அதுவும் விற்பனைக்குரிய வண்டியன்று. வரவிருப்பதன் சாயல் மாத்திரமே. அதே 2024 ஆம் ஆண்டிலேதான், 1905 இலே தொடங்கிய ஜெனீவாக் கண்காட்சியும் அந்நகரில் இனி நடைபெறாதென அறிவிக்கப்பட்டது. பல நிறுவனத்தார் ஒரே கூரையின்கீழ்ப் பொருளை வைக்க, மக்கள் சுற்றிவந்து ஒன்றோடொன்று ஒப்புநோக்கும் பொதுச்சந்தை அருகுகின்றது. ஒருவர் குரல் மட்டும் ஒலிக்கும் தனிமேடை பெருகுகின்றது. ஒப்புநோக்க வழியில்லாத இடத்தில் புகழ்ச்சிக்கு எல்லையில்லை. இதனையே யாம் அஞ்சுகின்றோம்.

“கோடீசுவரர் விளையாட்டைப் பற்றிக் கல்லூரி மலரிலே எழுதுவானேன்? ஏமாந்தாலும் ஏமாறுபவர் செல்வரன்றோ?” என்று சிலர் வினவக்கூடும். அவர்க்கு விடை இரண்டு. முதலாவது, இன்று செல்வர் வண்டியிலுள்ளது நாளை எல்லார் வண்டிக்கும் வரும். 1961 இலே ஈ-ரைப் வண்டியின் நாற்சில்லுக்கும் டிஸ்க் பிறேக்கு இருந்தது. அதற்கு முன்னர் ஜகுவார் பந்தய வண்டிகளிலே 1952, 1953 ஆம் ஆண்டுகளில் அது சோதிக்கப்பட்டு வெற்றி கண்டது. இன்றோ எம்மூர்ச் சிறு காரின் முன்சில்லிலும் அதுவே உயிர்காக்கின்றது. ஆகவே அவர் மேடையிலே பொய்யெண் நுழைந்தால், அது நம் வீதிக்கும் ஒருநாள் வந்துசேரும். இரண்டாவது, இலங்கையிலே வாகனம் என்பது விளையாட்டன்று. 2020 மார்ச்சிலே நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் தொடங்கியது. 2022 இலே பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோர் நாம். அந்நியச் செலாவணியின் அருமையை அவ்வாறு கற்ற நாட்டார், மினுக்கத்தைக் கண்டு மயங்குதல் தகாது.

வேறொரு சாரார், “அழகைக் கண்டு மகிழ்தலும் குற்றமோ?” என்பர். குற்றமன்று. வானூர்தித் துறையிலிருந்து வந்த மல்கம் சேயர், காற்றோட்டத்தைக் கணக்கிட்டு ஈ-ரைப்பின் உடலை வகுத்தார். நியூயோர்க் நவீனக் கலைக் கூடம் 1996 இலே அதனைத் தன் நிரந்தரச் சேகரிப்பில் ஏற்றது. கணக்கே அழகாய் மலர்ந்தமைக்கு அஃதோர் எடுத்துக்காட்டு. யாம் மறுப்பது அழகையன்று. அழகை முன்னே நிறுத்திக் கணக்கைப் பின்னே ஒளித்தலையே.

ஆதலின், இத்தகைய விழாவுக்குச் செல்லும் வாய்ப்புடையோர் நான்கு வினாக்களை மனத்திலே கொண்டு செல்வாராக. மேடையிலே நிற்கும் வண்டி தன் வலுவால் ஓடுமா? திரையிலே காட்டும் எண்ணை அளந்தவர் யார், விற்பவரா, வேறொருவரா? அளந்த வண்டியும் விற்கும் வண்டியும் ஒன்றா? எப்பொழுது, எவ்விலைக்கு, எந்த எந்திரத்தோடு தருவர் என்பது எழுத்திலே உண்டா? இவற்றைப் பணிவாகக் கேட்கலாம்; தயங்காமலும் கேட்கலாம். நேர்மையான நிறுவனத்தார் இவ்வினாக்களுக்கு மகிழ்வர். 1949 இலே ஐயுற்றவர் இலரேல், ஜபெக் ஓட்டமும் நடந்திராது. ஐயம் அவமதிப்பன்று, நல்ல தொழிலுக்கு அது தூண்டுகோல்.

எந்திரவியல் கற்கச் செல்லும் மாணவர்க்கு இன்னுமொன்று கூற விரும்புகின்றோம். நாளை உங்களுட் சிலர் பெருநிறுவனங்களிலே பணியேற்பீர்கள். வெளியீட்டு நாள் நெருங்கும், சோதனை முடிந்திராது, “அவ்வெண்ணை இப்போதைக்குப் போட்டுவிடுங்கள், பின்னர் சரிசெய்து கொள்ளலாம்” என்று மேலிடத்திலிருந்து சொல் வரும். எந்திரவியலாளரின் கல்வி உண்மையிலே பரீட்சிக்கப்படும் நாள் அதுவே. அளக்காத எண்ணின்கீழ் ஒப்பமிடாதிருத்தலைப் பரீட்சைத் தாள் கற்பிக்காது. நம் கல்லூரியின் ஆய்வுகூடமே அதனைக் கற்பித்தது. வந்த விடையை எழுது, வரவேண்டிய விடையை எழுதாதே என்று நம் விஞ்ஞான ஆசிரியர்கள் குறிப்பேட்டின் ஓரத்திலே சிவப்பு மையால் எழுதினார்களே, அதன் பொருள் வேறென்ன?

விழா மலரிலே எழுதுகின்றோமாதலின், நம்மையும் இவ்வளவுகோலால் அளந்துகொள்வது நன்று. கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டுகின்றோம், நாடா வெட்டுகின்றோம், பெயர்ப்பலகை திறக்கின்றோம். மூன்றாண்டு கழித்து அவ்வறையின் குழாயிலே நீர் வருகின்றதா, பெட்டியிலே நுணுக்குக்காட்டி இருக்கின்றதா, அதனைத் தொடுவதற்கு மாணவர்க்கு இடமுண்டா என்று எத்தனைபேர் திரும்பிவந்து பார்க்கின்றோம்? கொடுத்தவர் பெயரைக் கல்லிலே பொறிப்பதோடு, கொடுத்தது இயங்குகின்றதா என்ற கணக்கையும் பழைய மாணவர் சங்கப் பொதுக்கூட்டத்திலே ஆண்டுதோறும் வாசிப்பது நல்ல வழக்காகும். இவ்விழா ஆண்டிலிருந்தே அதனைத் தொடங்குமாறு சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கின்றோம். முதலாவது கணக்கு, முன்னைய விழாக்களிலே யாமே திறந்துவைத்தவற்றின் கணக்காக இருப்பதாக.