பொருளறிந்து பெயரிடுக

ஆதாம் உயிரினங்களுக்குப் பெயரிட்ட வரலாற்றை ஆதியாகமம் கற்றோர் யாவரும் அறிவர். கடவுள் அவற்றை அவன்முன் கொண்டுவந்தார், அவன் கண்டான், கண்ட பின்னரே பெயரிட்டான். விஞ்ஞானச் சொற்களைத் தமிழில் ஆக்க முனைவோர் இம்முறையை மறத்தலாகாதென்பது எம் கருத்து.

இம்முயற்சி நம் சேலத்திற்குப் புதிதன்று. 1916-ஆம் ஆண்டிலேயே இராஜாஜி முதலியோர் இந்நகரில் விஞ்ஞானத் தமிழ்ச் சொற்களுக்கென ஒரு சங்கம் நிறுவி உழைத்தனர். அவர் தொடங்கிய பணி இன்னும் முற்றுப்பெறவில்லை என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம்.

பிஸ்மத் டைட்டனேட் என்பது ஓர் அடுக்கு ஆக்ஸைடு. பிஸ்மத்தும் ஆக்ஸிஜனும் சேர்ந்த மெல்லிய தகடுகளும், டைட்டானியம் அடங்கிய படலங்களும் அதில் மாறிமாறி அமைந்துள்ளன. இவ்வமைப்பை 1949-இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஔரிவில்லியுஸ் விளக்கினார். 1960-களின் தொடக்கத்தில் இவ்வினத்தின் மின்குணங்களை ஆராய்ந்தோருள் நம் நாட்டவராகிய இ. சி. சுப்பாராவும் ஒருவர். இதனை மின்புலத்தில் வைப்பின், நேர்மின்னேற்ற அணுக்களும் எதிர்மின்னேற்ற அணுக்களும் எதிரெதிர்த் திசையில் சிறிதே விலகும். புலத்தை நீக்கினும் அவ்விலக்கம் நிலைத்திருக்கும். எதிர்த்திசையிற் போதிய புலம் செலுத்தினாலன்றித் திசை மாறாது. ஏறத்தாழ 675 பாகை செண்டிகிரேட் வெப்பத்திற்கு மேல் இக்குணம் அகலும். மின்சாரம் நின்ற பின்னும் செய்தியை இழவாத நினைவுக் கருவிகளுக்கு இவ்வினப் பொருள்கள் உதவுவது இக்குணத்தாலேயே.

நம் சேலத்து வெள்ளைக்கல்லாகிய மாக்னசைட்டைச் சுட்டுப் பெறுவதும் ஓர் ஆக்ஸைடே. வெந்நீர்க் கருவியின் வெப்பக் குழலினுள் கம்பியைச் சூழ்ந்து மின்காப்பாக நிற்பது அதுவே. ஆயின், புலம் நீங்கியவுடன் அது பழைய நிலையை எய்தும். ஒன்று மறப்பது; மற்றொன்று மறவாதது.

மறவாத பொருளை மேனாட்டார் பெர்ரோ எலெக்ட்ரிக் என்பர். பெர்ரோ என்பது இரும்பைக் குறிக்கும். பிஸ்மத் டைட்டனேட்டில் இரும்பு இல்லை. இரும்பு காந்தத்தன்மையைக் காப்பதுபோல இது மின்திசையைக் காத்தலின், உவமையாற் பெற்ற பெயர் அது. அதனை 'இரும்பு மின்பொருள்' என்று பெயர்ப்பின், மாணவன் இல்லாத இரும்பைத் தேடி அலைவான் அன்றோ? மாக்னசைட்டும் மாக்னெட்டும் மக்னீசியா என்னும் பழைய கிரேக்க இடப்பெயரினின்று பிறந்தனவே. அதுகொண்டு நம் வெள்ளைக்கல்லைக் காந்தக்கல் என்போமாயின், சேலத்துச் சிறுவரும் நகைப்பர். காந்தமேற்கும் இரும்புத்தாது உள்ளது கஞ்சமலையிலன்றோ!

ஆகலின், 'திசைகாப்பு மின்பொருள்' என்னும் பெயரை யாம் முன்வைக்கின்றோம். உலகத்தார் வழங்கும் சொல்லே போதுமென்பாரும் உளர். ஆராய்ச்சிக்கூடத்தில் அச்சொல் நிற்பதை யாம் மறுக்கவில்லை. ஆனால் தமிழ்வழிக் கற்கும் சிற்றூர் மாணவனுக்குப் பெயரே பொருளைக் காட்டுதல் வேண்டும். இதனினும் நற்சொல் ஒன்றைக் காண்பார் உளரேல், எம் சொல்லை மகிழ்வுடன் கைவிடுவோம்.

தமிழ் மாணவர்களே, ஒருநாள் பௌதிகக் கூடத்தின் வாயிலை மிதியுங்கள். பௌதிக மாணவர்களே, நீங்கள் கண்டதை எமக்குக் காட்டுங்கள். கண்டபின் கூடிப் பெயரிடுவோம்.