ரவை திண்மமா, நீர்மமா?

நாம் படித்த காலத்தில் திடம், திரவம், வாயு. இப்போது பேரப்பிள்ளைகள் திண்மம், நீர்மம், வாயு என்கிறார்கள். பெயர் மாறியதே தவிர மனப்பாடம் மாறவில்லை. "நீர்மம் ஓடும், பாத்திரத்தின் வடிவத்தைப் பெறும்" என்று எழுதினால் முழு மதிப்பெண்.

பல ஆண்டுகள் அறிவியல் பாடம் எடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை வரையறையில் தொடங்கக் கூடாது, பொருளில் தொடங்க வேண்டும்.

ஒரு டம்ளர் ரவையைக் கிண்ணத்தில் கொட்டுங்கள். அதுவும் ஓடுகிறது, கிண்ணத்தின் வடிவத்தைப் பெறுகிறது. அப்படியானால் ரவை நீர்மமா? கெட்டிக்காரப் பிள்ளை கட்டாயம் கேட்கும். "புத்தகத்தில் உள்ளதை எழுது" என்று வாயை அடைத்தால், அடுத்த முறை கேட்காது. நமக்கு அதுதான் நஷ்டம். ஒரு மணி ரவையை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கச் சொன்னால் போதும். தண்ணீர் மட்டமாக நிற்கும், ரவை குவியும், ஒவ்வொரு மணியும் தன் வடிவத்தை விடாது என்று அதுவே கண்டுபிடித்துவிடும்.

அடுத்தது துகள் படம். மூன்று கட்டம் போட்டுப் புள்ளிகளை நெருக்கமாக, சற்றுத் தள்ளி, வெகுதூரம் தள்ளி வரைகிறார்கள். நீர்மத்தில் அவ்வளவு இடைவெளி கிடையாது. துகள்கள் ஏறக்குறைய ஒட்டியபடியே ஒன்றையொன்று நழுவிச் செல்கின்றன. தண்ணீர் கொதித்து ஆவியானால்தான் சுமார் 1,600 மடங்கு இடம் பிடிக்கும். பனிக்கட்டியோ படத்துக்கு நேர்மாறு. தண்ணீரைவிட 9 சதவீதம் அதிக இடம் எடுக்கிறது, அதனால்தான் மிதக்கிறது.

படத்துக்கு முன்னால் ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்றைக் கொடுங்கள். காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்து அழுத்தினால் உள்ளே போகும். தண்ணீரை இழுத்து அழுத்தினால் அசையாது. ஏன் என்ற கேள்வி எழும்போதுதான் துகளுக்கு வேலை வருகிறது.

"துகள்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் "காற்று" என்பார்கள். காற்றும் துகள்தானே, அதற்கு நடுவில்? ஒன்றுமில்லை. இதை ஏற்பது எளிதல்ல. எர்ன்ஸ்ட் மாக் போன்ற பெரிய இயற்பியலாளரே அணு உண்டு என்பதை ஏற்க மறுத்தார். 1905-இல் ஐன்ஸ்டைன் போட்ட கணக்கும் பின்னர் பெரான் செய்த சோதனைகளும் வந்த பிறகே சந்தேகம் ஓய்ந்தது. அறிஞர்களுக்கே அவ்வளவு காலம் பிடித்ததைப் பத்து வயதுப் பிள்ளை ஒரே பீரியடில் விழுங்க வேண்டுமா?

பாடத்தை முடிக்க நேரமில்லை என்பார்கள் ஆசிரியர்கள். அவர்கள் சிரமம் எனக்குத் தெரியும். ஆனால் சிரிஞ்சுக்குப் பத்து நிமிடம் போதும். பள்ளியில் நடக்காவிட்டால் வீட்டில் நாம் செய்யலாம், நம்மிடம் நேரம் இருக்கிறது. ஒன்று மட்டும்: விடையை முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.