எல்லாத்துக்கும் ஒரே வால்யூமா?

கிளாஸுக்குள் நுழையும்போதே செல்போன் ஓரத்தில் இருக்கிற பட்டனை நாலு தடவை அமுக்கிவிட்டீர்கள். சத்தம் சுத்தமாகக் குறைந்தாச்சு என்று நிம்மதியாக உட்கார்ந்தீர்கள். சார் போர்டு பக்கம் திரும்பினார். வகுப்பே கப்சிப். அந்த நேரம் பார்த்து உங்கள் பாக்கெட்டிலிருந்து ஒரு குத்துப்பாட்டு அலறியது. அப்புறமென்ன, மிச்ச பீரியட் முழுக்க வராண்டாதான்!

'நான் குறைச்சேனே சார்' என்று நீங்கள் சொன்னது பொய்யில்லை. நிஜமாகவே குறைத்தீர்கள். ஆனால் குறைத்தது வேற சத்தத்தை.

செல்போனுக்குள் சத்தம் ஒரே ஆறாக ஓடுவதில்லை. பல வாய்க்காலாக ஓடுகிறது. பாட்டும் வீடியோவும் ஒரு வாய்க்கால். ரிங்டோன் இன்னொன்று. அலாரம் தனி. போனில் பேசுகிறவர் குரல் தனி. இந்த வாய்க்காலுக்குத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் 'ஸ்ட்ரீம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் ஆண்ட்ராய்டு போனில் எதுவும் ஓடாதபோது ஓரத்துப் பட்டனை அமுக்கினால் ரிங்டோன் குறையும். 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9-ல் இதை மாற்றி, பாட்டு-வீடியோ சத்தம் குறைகிற மாதிரி வைத்துவிட்டார்கள். பழைய பழக்கத்தில் அமுக்கியவர்கள் எல்லாம் மாட்டிக்கொண்டார்கள்.

இனிமேல் பட்டனை அமுக்கியதும் திரையில் எட்டிப்பார்க்கிற அந்தச் சின்னக் கோட்டைக் கவனியுங்கள். அதன் பக்கத்தில் மூன்று புள்ளியோ, செட்டிங்ஸ் அடையாளமோ இருக்கும். தொட்டால் எல்லா வாய்க்காலுக்கும் தனித்தனி மதகு வரிசையாக வந்து நிற்கும். எந்த மதகை மூடுகிறோம் என்று பார்த்து மூடலாம்.

மைக் செட் அண்ணன்கிட்ட கேளுங்க!

இதையெல்லாம் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். கள்ளக்குறிச்சியில் முகூர்த்த நாளில் ஏதாவது ஒரு மண்டபத்துக்குள் எட்டிப் பாருங்கள். மேடைக்கு ஓரமாக, வயர்க் குவியலுக்கு நடுவில் மைக் செட் அண்ணன் உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் இருக்கிற மிக்ஸரில் நாதஸ்வரத்துக்கு ஒரு குமிழ், தவிலுக்கு ஒரு குமிழ், பாடுகிறவருக்கு ஒரு குமிழ். 'தவில் தூக்கலா இருக்குப்பா' என்று மாப்பிள்ளையின் தாய்மாமா வந்து சொன்னால், அண்ணன் தவிலை மட்டும் குறைப்பார். மொத்தத்தையும் குறைத்தால் நாதஸ்வரமும் சேர்ந்து போய்விடுமே!

இந்த வேலையை உலகத்தரத்தில் செய்ததற்காகத்தான் நம்ம பக்கத்து மாநிலத்துக்காரர் ரசூல் பூக்குட்டி, 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் ஒலிக்கலவைக்காக 2009-ல் ஆஸ்கர் வாங்கினார், இரண்டு கூட்டாளிகளுடன் சேர்ந்து.

கம்ப்யூட்டருக்குள் இந்தக் குமிழ் எப்படி வேலை செய்கிறது? ரொம்ப சிம்பிள். சத்தம் என்பது அங்கே வெறும் எண்கள். சி.டி. தரத்தில் என்றால், ஒரு செகண்டுக்கு 44,100 எண்கள், அதுவும் ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும். ஒரு பாட்டின் வால்யூமைக் குறைப்பது என்றால், அந்தப் பாட்டின் ஒவ்வொரு எண்ணையும் அரையாலோ காலாலோ பெருக்குவது. இரண்டு சத்தத்தைக் கலப்பது என்றால், இரண்டின் எண்களையும் கூட்டுவது. அவ்வளவுதான், பெருக்கலும் கூட்டலும்! கூட்டுத்தொகை அளவுக்கு மீறிப் போனால் (16 பிட் ஒலியில் 32,767 தான் எல்லை) மேலே இருப்பது வெட்டுப்படும். அப்போதுதான் ஸ்பீக்கரில் 'கர கர'.

இதில் முக்கியமான விஷயம் வரிசை. முதலில் பெருக்க வேண்டும், அப்புறம்தான் கூட்ட வேண்டும். கூட்டியபிறகு 'தவிலை மட்டும் குறை' என்றால் முடியாது. பாலையும் தண்ணீரையும் பிரிக்க அன்னப்பறவைதான் வரணும்!

விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்து பிரவுசிங் சென்டர் ஞாபகம் இருக்கிறவர்களைக் கேளுங்கள். அதன் வால்யூம் பெட்டியில் 'வேவ்', 'சி.டி. பிளேயர்', 'லைன் இன்' என்று கோடுகள் இருக்கும். பாட்டு, கேம்ஸ், சாட்டிங் 'டிங்' சத்தம் எல்லாமே பெரும்பாலும் அந்த 'வேவ்' என்ற ஒரே கோட்டுக்குள் அடங்கிவிடும். ஒன்றைக் குறைத்தால் எல்லாம் குறையும். 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில்தான் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனிக்கோடு வந்தது. லினக்ஸிலும் அதே காலம்தான். லென்னார்ட் பாட்டரிங் 2004-ல் எழுதத் தொடங்கிய பல்ஸ்ஆடியோ, 2008-ல் உபுண்டுவில் இடம்பிடித்தது. இப்போது அந்த வேலையைப் பல லினக்ஸ்களில் பைப்வயர் பார்த்துக்கொள்கிறது.

'சரி, இதெல்லாம் பாட்டு கேட்கிறவங்களுக்கு ஒரு வசதி, அவ்வளவுதானே?' என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், 2020 வரைக்கும்.

ஒண்ணு பாடம், ஒண்ணு கண்ணு

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி நாலு மாசம் முடிவதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. காலேஜ் மூடிக்கிடந்தது. எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன், பி.ஏ. படிக்கிறவன், கச்சிராயபாளையம் வழியாக பஸ் ஏறி வெள்ளிமலையும் தாண்டி, கல்வராயன் மலையில் இருக்கிற தன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். அவனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. லேப்டாப்பில் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருளை வைத்துத்தான் எல்லாம் செய்வான். திரையில் இருப்பதை அது குரலில் வாசித்துச் சொல்லும், தமிழையும் சேர்த்து. 2006-ல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன் அதை எழுதத் தொடங்கினார். அவருக்கும் பார்வை கிடையாது.

ஆன்லைன் வகுப்பு ஆரம்பித்தது. சிக்னல் கிடைக்கிற மேட்டில் போய் உட்கார்ந்துகொள்வான். சிக்கல் சிக்னலில் இல்லை. சார் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். 'புரியுதா?' என்று கேட்டதும் அறுபது பேரும் சாட்டில் 'யெஸ் சார்', 'யெஸ் சார்' என்று தட்டுவார்கள். என்.வி.டி.ஏ. கடமை தவறாமல் அத்தனை 'யெஸ் சாரை'யும் அவன் காதில் வாசிக்கும். போதாக்குறைக்கு அதில் 'டக்கிங்' என்று ஒரு வசதி உண்டு, 2016-ல் வந்தது. தான் பேசும்போது மற்ற சத்தத்தை அது தானாகவே அமுக்கிவிடும். பாட்டு கேட்கும்போது அருமையான வசதிதான். வகுப்பில் அமுங்கியது சாரின் குரல்.

ஒருநாள் சார் அவன் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டிருக்கிறார். அவனுக்குக் கேட்கவில்லை. 'தம்பி தூங்குறார் போல' என்று சொல்ல, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு மட்டும் தெளிவாகக் கேட்டதாம்.

ராத்திரி போன் பண்ணினான். நான் பெரிய கம்ப்யூட்டர் புலி மாதிரி, 'வால்யூமைக் கூட்டி வைடா' என்றேன்.

'கூட்டினா ரெண்டும் சேர்ந்து கூடுதுண்ணே' என்றான்.

'அப்ப என்.வி.டி.ஏ.வை ஆஃப் பண்ணிடு, வகுப்பு முடிஞ்சதும் போட்டுக்கலாம்.'

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான்: 'அண்ணே, ஒண்ணு பாடம், ஒண்ணு கண்ணு. எதை ஆஃப் பண்ணச் சொல்றீங்க?'

எனக்குச் சுருக்கென்றது. உட்கார்ந்து தேடினோம், போனிலேயே. இன்சர்ட், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அமுக்கி டக்கிங்கை நிறுத்தினான். விண்டோஸ் கீயோடு ஆர் அமுக்கி, எஸ்-என்-டி-வி-ஓ-எல் என்று ஆறு எழுத்து அடித்தான். வால்யூம் மிக்ஸர் திறந்தது. டேப் கீயில் நகர்ந்து, என்.வி.டி.ஏ.வின் கோட்டை மட்டும் முப்பதுக்கு இறக்கினான். பிரவுசரை நூறிலேயே விட்டான். மறுநாள் சார் கேட்டதும் முதல் ஆளாகப் பதில் சொன்னானாம். மொத்த ரிப்பேர் நேரம், பத்து நிமிஷம்.

2024-ல் என்.வி.டி.ஏ.வில் இன்னொரு வசதி வந்தது. அதன் குரலை ஒரு காதுக்கும், மற்ற எல்லாச் சத்தத்தையும் இன்னொரு காதுக்கும் பிரித்து அனுப்பலாம். உடனே அவனைத்தான் கூப்பிட்டுச் சொன்னேன். 'நேத்தே போட்டாச்சுண்ணே' என்றான்!

நீங்க செய்ய வேண்டியது

விண்டோஸ் 11 என்றால் ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் பண்ணி வால்யூம் மிக்ஸரைத் திறங்கள். விண்டோஸ் கீ, கண்ட்ரோல், வி மூன்றையும் சேர்த்து அமுக்கினாலும் வரும். லினக்ஸ் என்றால் 'பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல்' என்ற மென்பொருளைப் போட்டு, 'பிளேபேக்' பக்கத்தைப் பாருங்கள். சாம்சங் போன் வைத்திருந்தால் 'சவுண்ட் அசிஸ்டென்ட்' என்ற ஆப் ஒவ்வொரு ஆப்புக்கும் தனி வால்யூம் தரும்.

ஒரு எச்சரிக்கை: பிரவுசரில் பத்து டேப் திறந்திருந்தாலும் மிக்ஸருக்குப் பொதுவாக அது ஒரே ஆள்தான். வகுப்பு ஒரு டேபிலும் யூடியூப் இன்னொரு டேபிலும் இருந்தால் அங்கே பிரிக்க முடியாது. யூடியூபின் சொந்த வால்யூம் கோட்டைக் குறையுங்கள். இல்லையென்றால் வகுப்பை வேறொரு பிரவுசரில் திறங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் வகுப்பிலும் ஒரு தம்பியோ தங்கையோ இப்படி இரண்டு குரலோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கலாம். 'வால்யூமைக் கூட்டு' என்று என்னை மாதிரி உளறாமல், பக்கத்தில் உட்கார்ந்து 'எந்தச் சத்தம் வேணும், எந்தச் சத்தம் குறையணும்?' என்று கேளுங்கள். அப்படியே, ஆன்லைன் வகுப்பில் அந்த அறுபத்தோராவது 'யெஸ் சாரை'த் தட்டுவதற்கு முன்னால் ஒரு செகண்ட் யோசியுங்கள்.

அடுத்த வாரம் பார்க்கலாம். அதுவரைக்கும், கிளாஸுக்குள் போகும்போது ரிங்டோன் மதகு மூடியிருக்கிறதா என்று செக் பண்ணிக்குங்க!