குருத்தணுவும் குடியிருக்கும் மனையும்

தோழரே! கவரைப்பேட்டையிலே கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கினேன். மூதாட்டி ஒருத்தி என் கையைப் பற்றினாள். மகன், இரும்பாலையிலே சாரத்திலிருந்து விழுந்தவன், தலையிலே அடி. உயிர் தப்பிற்று, வலக்கையும் வாய்ச்சொல்லும் தப்பவில்லை. "ஸ்டெம் செல் ஊசி போட்டால் மூளை திரும்ப முளைக்குமாமே ஐயா? இலட்சக்கணக்கில் கேட்கிறார்கள். மனையை விற்கட்டுமா?" என்றாள். ஒன்றரை மணி நேரம் முழங்கிய நா, அந்த ஒரு கேள்விக்கு முன் ஒடுங்கிற்று!

விடை தேடினேன். ஸ்டெம் செல் என்பது குருத்தணு; வேறு அணுவாக மாற வல்லது. எலும்பு மஜ்ஜையிலே இருந்து குருதியை ஆக்குவது அதுதான். புரட்டல்ல, புனைசுருட்டல்ல! குருதி உறையாத நோயினர் ஐவருக்கு, அவரவர் குருத்தணுவிலேயே மரபணுவைப் பொருத்திச் செலுத்தி, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியார் வெற்றி கண்ட செய்தி 2024-இல் வெளிவந்தது. பூரித்தேன்.

ஆனால் குருதி வேறு, மூளை வேறு. மாண்ட நரம்பணுவின் இடத்திலே புதியது வந்து அமர்ந்தால் போதுமா? அறுந்த ஆயிரமாயிரம் இணைப்புகளை அது மீண்டும் பின்ன வேண்டுமே! நம் மருத்துவர்கள் முயலாமல் இல்லை. பக்கவாதத்தால் மூளை பழுதுற்ற 120 பேரை ஐந்து மருத்துவமனைகளிலே சேர்த்து, ஒரு சாராருக்கு அவரவர் மஜ்ஜை அணுக்களைச் செலுத்திப் பார்த்தனர். 2014-இல் முடிவு வந்தது: தீங்கில்லை, பயனும் இல்லை. தலைக்காயத்துக்கான அணு மருந்தொன்றுக்கு ஜப்பான் 2024-இல் இசைவளித்தது மெய், அதுவும் நிபந்தனையோடு!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை தெளிவாகவே பேசுகிறது: குருதி தொடர்பான சில நோய்களுக்கன்றி, வேறெதற்கும் இதைச் சிகிச்சையென அளித்தல் ஆகாது, ஆய்வாக மட்டுமே நடத்தலாம். ஆய்வுக்கு உடலைத் தருகிறவனிடமே கட்டணமும் கறப்பதா?

"நம்பிக்கையைக் கெடுக்காதீர்" என்பார் உளர். விலை போவது நம்பிக்கையன்று, ஐயா; ஏழையின் மனை!

கை அசையப் பயிற்சி, பேச்சு திரும்பப் பயிற்சி, நாள்தோறும், மாதக்கணக்கில். மெதுவானது, முழுதும் மீட்டுத் தராது, எனினும் பலன் கண்ட வழி. அது எங்கே கிடைக்கிறது? அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் எழுந்தது திருவள்ளூரிலே. உலைகள் எரிவது கும்மிடிப்பூண்டியிலே! கால் தள்ளாடும் மகனை அன்றாடம் பேருந்திலே ஏற்றி இறக்குவாளா அவள்?

"விற்காதே, தாயே" என்றேன். "பயிற்சிக்கு எங்கே போவேன்?" என்றாள். கும்மிடிப்பூண்டியிலேயே அரசு மறுவாழ்வுப் பயிற்சி நிலையம் வேண்டுமெனும் விண்ணப்பத் தாள், அடுத்த ஞாயிறு கிளைக்கழகங்களுக்கு வரும். முதல் கைநாட்டு அவளுடையது.